தலைக்கவசமும் தலைவிதியும்



மனிதனைக் காப்பதற்கென்று உலகில் எத்தனையோ சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன. அவற்றுள் எந்தச் சட்டத்தைக் காக்கப்படுகிறவனே முன்னின்று எதிர்த்தான் என்று கணக்கெடுத்தால், இரு சக்கர வாகனத்தில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்னும் சட்டம் முதல் வரிசையில் வந்து நிற்கும். வரி கேட்டால் மனிதன் முணுமுணுப்பதில் பொருளுண்டு. அது அவன் பையிலிருந்து போகிறது. நிலத்தைக் கேட்டால் போராடுவதிலும் பொருளுண்டு. ஆனால், 'உன் தலையை உடையாமல் வைத்துக்கொள்' என்று சொன்னதற்காக ஊர்வலம் போன வரலாறும் நம்மிடையே உண்டு. இந்த எதிர்ப்பு எங்கிருந்து பிறக்கிறது, அதில் நியாயம் எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

இந்தச் சட்டம் நேற்று வந்ததன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 129ஆம் பிரிவு, வாகனத்தை ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருமே தரமான தலைக்கவசம் அணிய வேண்டும் என்று கூறுகிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டும் அதிலேயே விலக்கு உண்டு. மாநில அரசுகள் வேறு விலக்குகளை அளிக்கவும் அப்பிரிவு முன்பு இடம் கொடுத்தது. கட்டாயத் தலைக்கவசம், நாட்டில் தடையின்றி நடமாடும் உரிமையைப் பறிக்கிறது என்று ஆந்திர மாநில விதியை எதிர்த்து ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1988இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே சட்டத்தின் நிலை அன்றே தெளிவாகிவிட்டது. தெளிவாகாமல் நின்றது நம் மனநிலைதான்.

தமிழகத்தில் 2007ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் இது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. முதற்கட்ட வேகம் விரைவிலேயே தணிந்தது. வாங்கிய கவசங்கள் பரணுக்கு ஏறின. பின்னர் 2015இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருபாகரன் அளித்த உத்தரவின்படி, ஜூலை முதல் நாளிலிருந்து தலைக்கவசமின்றி வருவோரின் ஆவணங்கள் பறிமுதலாயின. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கவசத்தையும் அதை வாங்கிய ரசீதையும் காட்டினால்தான் அவை திரும்பக் கிடைக்கும் என்ற நிலை. கடைகளில் கூட்டம் அலைமோதியது, விலை ஏறியது, தட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மதுரையில் வழக்கறிஞர்கள் சிலர் இந்த உத்தரவை எதிர்த்து ஊர்வலமே நடத்தினர். அது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரை போயிற்று. சட்டம் படித்தவர்களே தெருவுக்கு வந்தார்கள் என்றால், படிப்பின்மையால் வந்த எதிர்ப்பு இது என்று ஒதுக்கிவிட முடியாது என்பது விளங்கும். மராட்டியத்துப் புனே நகரிலும் 2019 ஜனவரியில் காவல்துறை கெடுபிடி காட்டியபோது மக்கள் ஊர்வலமாகத் திரண்டனர். புனே கல்விக்குப் பெயர் பெற்ற நகரம் என்பதையும் நினைவிற்கொள்க.

மேலைநாட்டார் இதில் நம்மைவிட மேலானவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பிரிட்டனில் 1973 ஜூன் முதல் நாள் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஃபிரெட் ஹில் என்னும் முதியவர் அதை ஏற்க மறுத்தார். துணித்தொப்பியுடன் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டே இருந்தார். அபராதத்தைக் கட்ட மறுத்தார். மீண்டும் மீண்டும் சிறை சென்றார். 1984இல், 74ஆம் வயதில், லண்டன் சிறையிலேயே மாரடைப்பால் இறந்தார். அவருடைய உறுதி வியப்புக்குரியது. அந்த உறுதியை அவர் எதற்காகச் செலவிட்டார் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவிலோ, 1975க்குள் 47 மாநிலங்களில் இச்சட்டம் இருந்தது. சட்டம் இயற்றாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைக்கும் அதிகாரத்தை 1976இல் அந்நாட்டு நாடாளுமன்றம் நீக்கியவுடன், மோட்டார் சைக்கிள் சங்கங்களின் நெருக்குதலால் பல மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்திவிட்டன.

சரி, இந்தத் தலைக்கவசம் எவ்வாறு சட்டமாகும் அளவுக்கு வளர்ந்தது? அதற்கொரு வரலாறு உண்டு. அரபு மண்ணின் நவீன வரலாற்றைப் படித்தவர்கள் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரியை அறிவார்கள். முதலாம் உலகப் போரில் குண்டுகளுக்குத் தப்பிய அம்மனிதர், 1935 மே மாதம் இங்கிலாந்தின் ஒரு கிராமத்துச் சாலையில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாமலிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைக் காப்பாற்ற முயன்ற மருத்துவர்களுள் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். அவர் பின்னர், மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசெல்லும் படைவீரர்களின் மரணங்களை ஆராய்ந்து 1941இல் ஆய்வுரை வெளியிட்டார். தலைக்கவசம் உயிரைக் காக்கிறது என்பதைச் சான்றுடன் காட்டினார். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் படை தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிற்று. ஆக, இது அதிகாரிகள் மேசையில் உதித்த எண்ணமன்று. ஒரு மருத்துவர் பிணங்களைப் பார்த்துக் கற்ற பாடம்.

இனி, எதிர்ப்பாளர்கள் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"பக்கத்துத் தெருவுக்குத்தானே போகிறேன், மெதுவாகத்தான் போவேன்" என்பது முதற்காரணம். கடைத்தெருவுக்குக் கிளம்பும் மகனிடம் உம்மா கவசத்தை நீட்டும்போது அவன் சொல்லும் பதிலும் இதுவே. சிறு கணக்கொன்று போட்டுப் பாருங்கள். வண்டியில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து தடையின்றி விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தை அடைந்துவிடும். அதாவது, வண்டி நின்றுகொண்டே இருந்தாலும், சாய்ந்து விழுபவரின் தலை அந்த வேகத்தில் தார்ச்சாலையில் மோதக்கூடும். மண்டையோட்டுக்கு அதுவே போதுமானது. குறுக்கே ஓடும் நாயோ, மணல் சிதறிய திருப்பமோ, நம் வீட்டிலிருந்து இத்தனை மைல் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

"கழுத்தெலும்பு முறியும், காது கேட்காது, பக்கவாட்டில் பார்வை மறையும்" என்பது இரண்டாவது. 61 ஆய்வுகளை ஒருசேர ஆராய்ந்து 2008இல் வெளியான மதிப்பாய்வொன்று, தலைக்கவசம் மரண அபாயத்தை 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கண்டது. கழுத்துக் காயம் கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று அதில் கிடைக்கவில்லை. பார்வையையும் செவியையும் பொறுத்தவரை, அமெரிக்காவில் ஓட்டுநர்களைக் கொண்டே சோதித்துப் பார்த்தார்கள். கவசம் அணிந்தவர் பக்கவாட்டில் பார்க்கத் தலையைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பிக்கொள்கிறார். கேட்கும் திறனில் குறிப்பிடத்தக்க குறைவில்லை.

"வெப்பம் தாங்கவில்லை, வியர்க்கிறது, முடி கொட்டுகிறது" என்பது மூன்றாவது. இதில் வெப்பமும் வியர்வையும் உண்மை, மறுப்பதற்கில்லை. சித்திரை வெயிலில் அது ஒரு சுமைதான். ஆனால் அது தாங்கக்கூடிய சுமை. மெல்லிய பருத்தித் துணியொன்றைத் தலையில் கட்டி அதன்மேல் அணியலாம். அத்துணியை நாள்தோறும் துவைக்கலாம். வெளியிற் போகும் ஒவ்வொரு நாளும் பர்தா அணியும் நம் வீட்டுப் பெண்மக்கள் வெயிலைப் பற்றி எத்தனை முறை முறையிட்டிருக்கிறார்கள் என்று ஆண்கள் எண்ணிப் பார்த்தால், இந்தக் காரணத்தை உரத்துச் சொல்லத் தயங்குவார்கள்.

நான்காவது காரணம் சற்று வலுவானது. "சாலையைப் பள்ளமாக வைத்திருப்பவர்கள், மதுக்கடையைச் சாலையோரம் வைத்தவர்கள், எங்கள் தலையைப் பற்றி மட்டும் ஏன் கவலைப்படுகிறார்கள்? மரத்தடியில் மறைந்து நின்று வசூல் செய்யத்தானே?" இக்கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் கூறமாட்டேன். 2018 மார்ச் மாதம் திருச்சிக்கு அருகே, கவசம் அணியாமல் நில்லாது சென்ற தம்பதியரைத் துரத்திச் சென்ற காவல் ஆய்வாளர் வண்டியை உதைத்ததில், பின்னால் இருந்த பெண் கீழே விழுந்து உயிரிழந்தார். ஆயிரக்கணக்கான மக்கள் நெடுஞ்சாலையை மறித்தனர். அந்த ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். உயிரைக் காக்க வந்த சட்டத்தின் பெயரால் ஓர் உயிர் பறிபோன கொடுமை அது. அன்று மக்கள் கொண்ட கோபம் நியாயமானது. அத்தகைய அதிகாரியைக் கண்டிக்கவும், நல்ல சாலையைக் கேட்டு வாங்கவும் நமக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் சாலை பள்ளமாக இருக்கிறது என்பது கவசத்தைக் கழற்றுவதற்குக் காரணமாகுமா? கூரை ஒழுகுகிறது என்பதற்காகக் குடையை எறிவார் உண்டோ? அரசின் மீதுள்ள கோபத்தை நம் மண்டையோட்டைப் பணயம் வைத்துக் காட்டினால், அதில் அரசுக்கு என்ன இழப்பு?

ஐந்தாவது காரணம், "என் தலை, என் உரிமை" என்பது. ஃபிரெட் ஹில்லின் வாதமும் இதுவே. தனித்து வாழ்பவனுக்கு இவ்வாதம் ஓரளவேனும் பொருந்தலாம். குடும்பஸ்தனுக்கு எப்படிப் பொருந்தும்? ஒருவனுடைய தலைக்குள் அவனுடைய எண்ணங்கள் மட்டுமா இருக்கின்றன? பிள்ளையின் பள்ளிக் கட்டணம் அதில் இருக்கிறது. மூத்தவளின் நிக்காஹ் அதில் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் அத்தாவின் மருந்துச் சீட்டு அதில் இருக்கிறது. சகோதரனிடம் வாங்கிய கடன் அதில் இருக்கிறது. அது உடைந்தால் இத்தனையும் சேர்ந்தே உடைகின்றன. இத்தா இருக்கும் இளம் விதவையிடம் சென்று, 'உன் கணவர் தம் உரிமையைப் பயன்படுத்தினார்' என்று ஆறுதல் சொல்ல யாரால் முடியும்?

மரணத்தையும்விடக் கொடியதொன்று உண்டு. தலையில் அடிபட்டு உயிர் பிழைத்தவர்களுள் சிலர், பெற்ற தாயை அடையாளம் தெரியாமல், ஊட்டினால் உண்டு, படுத்த படுக்கையாய் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறார்கள். மார்க்கம் காக்க வந்த ஐந்து பொருள்களாக மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகியவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். தலையில் விழும் ஓர் அடி உயிரையும் அறிவையும் ஒருசேரத் தாக்குகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கடைசிக் காரணத்தை நம் வீடுகளில்தான் அதிகம் கேட்கிறேன். "ஆயுளை அல்லாஹ் எழுதிவிட்டான். முடிவு வந்தால் கவசம் தடுக்குமா?" இதைச் சொல்பவர் தம் ஈமானின் உறுதியைக் காட்டுவதாக நினைக்கிறார். விதியின் மீது நம்பிக்கை நம் ஈமானின் உறுப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த நம்பிக்கையை நமக்குக் கற்றுத் தந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள்? ஒட்டகத்தைக் கட்டாமலே அல்லாஹ்வை நம்பி விட்டுவிடலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டும்படியும் பிறகு நம்பும்படியும் அறிவுறுத்தியது நாம் அனைவரும் அறிந்த செய்தி. உஹதுப் போரில் அன்னார் தலையில் இரும்புக் கவசம் அணிந்திருந்தார்கள். அது அன்று அடிபட்டு உடைந்தது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது நகருக்குள் நுழைகையிலும் தலையில் கவசம் அணிந்தே நுழைந்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. வெற்றி உறுதியான நாளிலும், வஹீ இறங்கிய தலைக்கே கவசம் தேவைப்பட்டது என்றால், நம் தலைக்கு வேண்டாம் என்று எந்தத் துணிவில் சொல்கிறோம்? கவசம் அணிவதால் விதியை மீறுகிறோம் என்பதில்லை. அணிவதும் விதிக்கு உட்பட்டதுதான்.

வாதங்கள் இவ்வளவே. மறுபக்கம் கணக்கு என்ன சொல்கிறது? 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். நாளொன்றுக்கு 137 பேர். அதில் பின்னால் அமர்ந்து சென்றவர்கள் 14,337 பேர். நம் தமிழகத்தில் அவ்வாண்டு சாலையில் இறந்தோர் 17,884 பேர். கவசம் அணிந்திருந்தால் இவர்கள் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் கூறவில்லை. பலர் பிழைத்திருப்பார்கள் என்பதை மறுக்கவும் ஒருவராலும் முடியாது.

எதிர்ப்பு என்றும் மாறாதது என்று சோர்ந்துவிட வேண்டாம். வியட்நாம் நம்மைப் போலவே வெப்ப நாடு; நம்மைப் போலவே இரு சக்கர வாகனங்கள் நிறைந்த நாடு. அங்கும் பழைய விதிகள் ஏட்டில் உறங்கின. 2007 டிசம்பர் 15ஆம் நாள் முதல் எல்லாச் சாலைகளிலும், ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் எல்லோருக்கும் கவசம் கட்டாயமென்று ஒரே நாளில் நடைமுறைப்படுத்தினார்கள். சில நாட்களிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அணியத் தொடங்கினர். தொடர்ந்து செய்த ஆய்வில் தலைக்காய அபாயம் 16 விழுக்காடும், மரண அபாயம் 18 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒரு குறை மட்டும் இருந்தது. கவசத்தால் குழந்தைகளின் கழுத்துக்குக் கேடு என்ற வதந்தி பரவியதால், பெற்றோர் தலையில் கவசமும் நடுவில் அமர்ந்த பிள்ளையின் தலை வெறுமையுமாகச் சென்ற காட்சி அங்கு நெடுநாள் நீடித்தது.

அக்காட்சியைக் காண நாம் வியட்நாமுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் மதரஸா வாசலில் காலைதோறும் காணலாம். முன்னால் டேங்க் மீது ஒரு பிள்ளை, பின்னால் இருவர், கைப்பிடியில் தொங்கும் கவசம். போலீஸ் நிற்கும் முனை வந்தால் அது தலைக்கு ஏறும். முனை கடந்தால் மீண்டும் கைப்பிடிக்கு வரும். பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் செயலையே கவனிக்கின்றன. 'ஆள் பார்க்கும்போது மட்டும் ஒழுங்கு' என்னும் பாடத்தை வாசலுக்கு வெளியே வாப்பா நடத்திவிட்டால், உள்ளே உஸ்தாது நடத்தும் பாடம் எப்படி நிற்கும்?

இறுதியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் உள்ள கவசத்தையே வாங்குங்கள். 2021 ஜூன் முதல் முத்திரையற்றதை விற்பதே குற்றம். சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கும் தொப்பி போன்ற பிளாஸ்டிக் ஓடு அபராதத்துக்கான வேடமே தவிர, கவசமன்று. கவசத்தின் உள்ளிருக்கும் நுரைப்படலம் நசுங்கித்தான் அடியின் வேகத்தை உள்வாங்குகிறது. ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. தாடைப் பட்டையை மாட்டாத கவசம் விபத்தின்போது முதலில் பறந்துபோகும். தலை தனித்து நிற்கும். விறைப்பான தொப்பியின் மேல் கவசம் சரியாகப் பொருந்தாது. தொழுகைக்குச் செல்வோர் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

பெண்கள் முக்காட்டை மெல்லிய துணியாகப் படியக் கட்டி, ஊசிகளை நீக்கிவிட்டு அணியலாம். பர்தாவின் ஓரமும் துப்பட்டாவின் நுனியும் பின்சக்கரத்தில் சிக்காமல் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வது மிக அவசியம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கவசமும், ஓட்டுபவருடன் இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் 2023 பிப்ரவரி முதல் விதியாக உள்ளன. அக்குழந்தையுடன் செல்லும்போது வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. தமிழகத்தில் கவசமின்மைக்கான அபராதம் 2022 அக்டோபரில் 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஒருமுறை கட்டும் அத்தொகைக்கு ஒரு நல்ல கவசமே வாங்கிவிடலாம்.

மகனுக்கு வண்டி வாங்கித் தரும் பெற்றோர், வண்டிச் சாவியோடு இரண்டு கவசங்களையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒன்று அவனுக்கு, ஒன்று அவனை நம்பிப் பின்னால் அமர்பவருக்கு. பட்டையைக் கட்டுவதற்கு ஐந்து விநாடி போதும். 'பிஸ்மில்லாஹ்' சொல்லி அதைக் கட்டிக்கொண்டு கிளம்பட்டும். மீதியை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதுதான் தவக்குல்.